தோற்றுக்கொண்டே ஜெயித்த லூசி

"பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று ஒரு பழமொழி உண்டு. புகையிலையை விரித்துப் போட்டால் அதன் காரம் போய்விடும். அதுபோல, பெண் வாய்விட்டுச் சிரித்தால் அவளுடைய மரியாதை போய்விடுமாம்!

சிரிப்பதே குற்றம் என்றால், ஊரையே சிரிக்க வைக்கிற பெண்ணை என்ன சொல்வது? முகத்தைக் கோணிக் காட்டுகிறாள். தடுக்கி விழுகிறாள். தலையில் மாவைக் கொட்டிக்கொள்கிறாள். அவளுக்கு மரியாதை மிஞ்சுமா?

மிஞ்சும். மிஞ்சுவது மட்டும் அல்ல, வளரவும் செய்யும். அதற்குச் சாட்சியாக நான் ஒரு பெண்மணியைக் காட்டுகிறேன். அவர் பெயர் லூசில் பால். அமெரிக்க நாட்டு டெலிவிஷன் நடிகை. 1951-ம் ஆண்டில் அவர் தொடங்கிய சிரிப்பு நாடகம் "ஐ லவ் லூசி". "நான் லூசியை நேசிக்கிறேன்" என்பது அதன் பொருள். 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த நாடகத்தை இன்னும் பார்க்கிறார்கள். இன்னும் சிரிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடகத்தில் வருகிற பெண்ணின் பெயர் லூசி. அவள் ஓர் அசடு. அவளாக நடித்தவர் லூசில் பால். அவர் அசடு அல்ல. இந்த இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழப்பிக்கொள்வதால்தான், சிரிப்பு நடிகைகளை நாம் குறைவாக எண்ணுகிறோம்.

பள்ளிக்கூடம் கைவிட்டது

லூசில் பால் 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி பிறந்தார். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்ற சிறிய ஊர். தகப்பனார் டெலிபோன் கம்பிகளைப் பழுது பார்க்கும் தொழிலாளி. லூசில் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது டைபாய்டு காய்ச்சலில் அவர் இறந்துவிட்டார். அப்போது தாயார் வயிற்றில் இன்னொரு குழந்தை.

தாத்தா, பாட்டி அரவணைப்பில் லூசில் வளர்ந்தார். நடிக்க வேண்டும் என்று ஆசை. நியூயார்க் நகரில் ஒரு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் பெரிய நட்சத்திரம் ஆன பெட்டி டேவிஸ் அங்கே படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டு லூசில் கூச்சத்தில் ஒடுங்கிப் போனார். "உங்கள் மகளுக்கு நடிப்பு வராது. காசை வீணாக்காதீர்கள்" என்கிற பொருளில் தாயாருக்குப் பள்ளியிலிருந்து கடிதம் போயிற்று.

பெண் வீடு திரும்பினார். ஆனால் ஓய்ந்து உட்காரவில்லை. மறுபடியும் நியூயார்க் போனார். துணிக்கடைகளில் புது உடைகளை உடுத்திக் காட்டும் வேலை பார்த்தார். நோய் வந்து, கால்கள் மடங்கி, நெடுநாள் படுத்துக் கிடந்தார். எழுந்து நடக்கப் பழகினார். 1933-ம் ஆண்டில் ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே கூட்டத்தில் நிற்கும் நடனப் பெண்களில் ஒருவராக வேலை கிடைத்தது.

அதன் பிறகு பல படங்கள். ஆனால் பெரிய படங்களில் சிறிய வேஷம். சிறிய படங்களில்தான் பெரிய வேஷம். இப்படியே 15 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. சினிமா உலகம் அவரை விரட்டவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

ஆனால் அந்தக் காலமும் வீண் போகவில்லை. பஸ்டர் கீட்டன் என்ற பெரிய சிரிப்பு நடிகரின் நட்பு கிடைத்தது. மௌனப் படக் காலத்தில் உலகத்தையே சிரிக்க வைத்தவர் அவர். நாற்காலி, தொப்பி, வாளி என்று எந்தச் சாமானையும் எப்படிக் கையாண்டால் சிரிப்பு வரும் என்பதை அவரிடம் லூசில் கற்றுக்கொண்டார்.

"என் கணவர்தான் கணவர்!"

1940-ம் ஆண்டில் தேசி அர்னாஸ் என்பவரை அவர் மணந்தார். தேசி, கியூபா நாட்டுக்காரர். அவருடைய தகப்பனார் ஒரு நகரத்தின் மேயராக இருந்தவர். 1933-ம் ஆண்டுப் புரட்சியில் சொத்து சுகம் எல்லாம் போய், குடும்பம் அமெரிக்காவுக்கு வந்தது. தேசி பாட்டுக் கச்சேரி நடத்திப் பிழைத்தார். மனைவியை விட ஆறு வயது இளையவர்.

கல்யாணம் ஆயிற்றே தவிர, குடும்பம் நடத்த முடியவில்லை. கணவர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போவார். மனைவிக்கு ஹாலிவுட்டில் வேலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது.

1948-ம் ஆண்டில் லூசில், ரேடியோவில் ஒரு சிரிப்பு நாடகத்தில் நடிக்கத் தொடங்கினார். அசட்டு மனைவி வேஷம். நாடகம் பிரபலம் ஆயிற்று. அதையே டெலிவிஷனில் நடத்தலாம் என்று சி.பி.எஸ். கம்பெனி அழைத்தது.

"நடிக்கிறேன். ஆனால் என் கணவராக என் சொந்தக் கணவர்தான் நடிக்க வேண்டும்" என்றார் லூசில்.

கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். தேசியின் ஆங்கிலத்தில் கியூபா வாடை அடிக்கும். அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படி ஒரு கணவரா, ஜனங்கள் ஏற்பார்களா என்று யோசித்தார்கள்.

லூசில் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1950-ம் ஆண்டில் கணவரும் மனைவியும் ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மேடையில் நடித்தார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். கம்பெனி வாயை மூடிக்கொண்டது!

வேறு நாட்டவரின் பேச்சைக் கேலி செய்வது மலிவான சிரிப்பு. இந்த நாடகத்தில் அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கணவனின் உச்சரிப்பை லூசி மட்டும்தான் கேலி செய்யலாம். மற்றவர்கள் செய்தால் ஜனங்கள் ரசிக்கவில்லை. மனைவி செய்தால் அது செல்லம். அயலார் செய்தால் அது அவமானம். இந்த வித்தியாசம் பாமர ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கூலியா, மரமா?

அடுத்து இன்னொரு சண்டை வந்தது. அந்த நாளில் முக்கியமான டெலிவிஷன் நாடகங்களைப் பெரும்பாலும் நியூயார்க்கில் நடத்துவார்கள். நடிக்கும்போதே அது வீடுகளில் தெரியும். தூரத்து ஊர்களுக்கு, டெலிவிஷன் திரையில் தெரிவதையே படம் பிடித்து அனுப்புவார்கள். அது மங்கலாக இருக்கும்.

"நியூயார்க்குக்கு வாருங்கள்" என்றார்கள், விளம்பரம் கொடுக்கும் சிகரெட் கம்பெனிக்காரர்கள்.

"வர மாட்டோம். ஹாலிவுட்டிலேயே சினிமா போலப் படம் பிடித்துத் தருகிறோம்" என்றார்கள் இந்தத் தம்பதி. கைக்குழந்தையுடன் ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

பிலிமில் எடுத்தால் செலவு அதிகம். யார் கொடுப்பது? கணவரும் மனைவியும் தங்கள் சம்பளத்தில் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார்கள். எடுத்த படங்கள் அவர்களுடைய கம்பெனிக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

கூலியைக் குறைத்துக்கொள்கிறோம், மரத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்பது போல இது. ஒரு தடவை காட்டிய படத்தை மறுபடியும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது. அந்த மரம் ஆண்டுதோறும் காய்த்தது! மறு ஒளிபரப்பு என்ற வியாபாரம் பெரிதாக வளர்ந்ததற்கு இந்த ஒப்பந்தம் ஒரு முக்கியக் காரணம்.

படப்பிடிப்பு முறையும் புதுமையானது. சுமார் 300 பேரை எதிரே உட்கார வைத்து, மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட விட்டார்கள். கார்ல் பிராயிண்ட் என்ற பெரிய ஒளிப்பதிவாளர் விளக்குகளை அமைத்தார். பல கேமராக்களைப் பயன்படுத்துவது அதற்கு முன்பும் உண்டு. ஆனால் சிரிப்பு நாடகத்துக்கு அதை நிலையான முறையாக ஆக்கியவர்கள் இவர்கள்தான்.

1951-ம் ஆண்டு ஜூலை 17-ந்தேதி லூசிலுக்கு முதல் குழந்தை பிறந்தது. அவருக்கு 40 வயது நிறைய இன்னும் 20 நாள் இருந்தது. கருச்சிதைவின் துயரத்தை அனுபவித்த பிறகு பிறந்த பெண் குழந்தை. மூன்று மாதம் ஆவதற்குள், அக்டோபர் 15-ந்தேதி, "ஐ லவ் லூசி" தொடங்கியது.

சாக்லேட் தொழிற்சாலை

கதை மிகச் சாதாரணமானது. ரிக்கி கிளப்பில் பாடும் இசைக்காரன். அவன் மனைவி லூசி. அவளுக்கும் மேடை ஏற ஆசை. கணவன் விடமாட்டான். அவள் ஏதாவது தந்திரம் செய்வாள். அது கெட்டுப் போகும். அவளுக்குத் துணை, வீட்டுச் சொந்தக்காரனின் மனைவி எத்தல். ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்.

1952-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு நாடகத்தைச் சொல்கிறேன். சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டு வேலை கஷ்டமா என்று சண்டை. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு ஆகிறது. ஆண்கள் இரண்டு பேரும் சமையல் அறைக்குப் போகிறார்கள். லூசியும் எத்தலும் சாக்லேட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருகிறார்கள்.

ஓடுகிற பட்டையில் சாக்லேட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். முதலில் மெதுவாக வருகிறது. சுற்றுகிறார்கள். கொஞ்சம் வேகம் கூடுகிறது. தடுமாறுகிறார்கள். இன்னும் வேகம்! என்ன செய்வது? வாயில் திணிக்கிறார்கள். தொப்பிக்குள் போடுகிறார்கள். சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வைக்காரி வந்து பார்க்கிறாள். பட்டை காலியாக இருக்கிறது. "சபாஷ்" என்று மெச்சி, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள்!

வீட்டில் என்ன நடக்கிறது? ரிக்கி சோறு ஆக்குகிறான். அளவு தெரியாமல் அரிசியைக் கொட்டிவிட்டான். சோறு பானையைத் தள்ளிக்கொண்டு பொங்கி, அடுப்படி முழுவதும் வழிகிறது!

இதில் யார் அசடு? லூசி மட்டுமா? ஆண்களும் தோற்றார்கள், பெண்களும் தோற்றார்கள். அடுத்தவர் வேலையை அற்பமாக நினைத்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருக்கிறவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நாடகம் இது. புத்தி சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. ஆனால் புத்தி இருக்கிறது.

சிரிப்பும் உழைப்புதான்

இன்னொரு நாடகத்தில், ஒரு டானிக் விளம்பரத்துக்கு லூசி ஒத்திகை பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி குடித்துக் காட்ட வேண்டும். அந்த டானிக்கில் சாராயம் கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. குடிக்கக் குடிக்க முகம் மலரும். பிறகு நாக்கு குழறும். பிறகு கால் தள்ளாடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போதை ஏறுவதை அவர் நடித்துக் காட்டுவதைப் பார்த்தால், அது எவ்வளவு நுணுக்கமான வித்தை என்பது புரியும்.

இதெல்லாம் நினைத்தவுடன் வந்துவிடுவது அல்ல. வாரம் முழுவதும் ஒத்திகை. ஒரே இரவில் படப்பிடிப்பு. ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கரோல் ஆகிய மூன்று பேர் கதைகளை எழுதினார்கள். அதில் மேடலின் பியூ ஒரு பெண். எழுதியதை லூசில் வரிக்கு வரி பழகுவார். ஒரு சாமானைக் கையில் எடுக்க வேண்டும் என்றால், அது கைக்குப் படியும் வரை விடமாட்டார். நான் வேடிக்கையான ஆள் அல்ல, எனக்கு இருப்பது துணிச்சல்தான் என்று அவர் சொல்வது உண்டு. பெருமையை எழுத்தாளர்களுக்கே கொடுப்பார்.

எத்தலாக நடித்தவர் விவியன் வான்ஸ். அவருடைய கணவனாக நடித்தவர் வில்லியம் பிராலி. திரையில் கணவன் மனைவி. வெளியில் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது! ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. சொந்த மனக்கசப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து சிரிக்க வைப்பதும் உழைப்புதான்.

அழ வைக்கிற நடிகரைப் பெரிய நடிகர் என்கிறோம். சிரிக்க வைக்கிறவரைக் கோமாளி என்கிறோம். இது நியாயமா? அழுகை எல்லோர் வீட்டிலும் தானாகவே வருகிறது. சிரிப்பைத்தான் யாராவது கொண்டுவந்து தர வேண்டியிருக்கிறது.

வயிற்றில் பிள்ளை

1952-ம் ஆண்டில் லூசில் மறுபடியும் கர்ப்பம் ஆனார். நாடகத்தை நிறுத்த வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கர்ப்பிணிப் பெண்ணை டெலிவிஷனில் காட்டுவது அன்று அமெரிக்காவில் கூச்சமான விஷயம். மேஜைக்கும் நாற்காலிக்கும் பின்னால் வயிற்றை மறைத்து நடிக்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள்.

"மறைக்க மாட்டோம். லூசியும் பிள்ளை பெறுவாள்" என்று முடிவு செய்தார்கள் கணவரும் மனைவியும்.

கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. "கர்ப்பம்" என்ற நேரடியான சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது! ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்டு போதகர், ஒரு யூத குரு ஆகிய மூன்று பேரும் கதைகளைப் படித்துப் பார்த்தார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள்.

1953-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி இரவு, நாடகத்தில் லூசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்றுதான் லூசிலுக்கும் அறுவைச் சிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்தது! அந்த நாடகத்தைச் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்.

கர்ப்பம் வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல என்பதை ஒரு நாட்டுக்கு யார் சொன்னது? மேடைப் பேச்சு சொல்லவில்லை. ஒரு சிரிப்பு நடிகையின் வயிறு சொன்னது.

ஒரு சோதனை

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பெரிய ஆபத்து வந்தது. கம்யூனிஸ்டு என்ற சந்தேகம் வந்தாலே வேலை பறிபோகும் காலம் அது. லூசில் 1936-ம் ஆண்டில் வாக்காளர் பட்டியலில் தன்னைக் கம்யூனிஸ்டு என்று பதிவு செய்திருந்தார். தாத்தாவின் மனம் நோகக் கூடாது என்று செய்தேன் என்று விசாரணைக் குழுவின் முன் அவர் சாட்சியம் சொன்னார். தப்புக் காணக் குழுவுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் செய்தி வெளியே வந்துவிட்டது. அன்றைய படப்பிடிப்புக்கு வந்திருந்த ஜனங்களின் முன் தேசி போய் நின்றார். என் மனைவியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் சாயம்தான் என்று சொன்னார். ஜனங்கள் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். விளம்பரக் கம்பெனியும் கைவிடவில்லை.

லூசில் தப்பினார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவரைப் போன்ற செல்வாக்கு இல்லாத எத்தனையோ பேர் தப்பவில்லை. ஹாலிவுட்டில் பலர் வேலை இழந்தார்கள். ஜனங்களின் சிரிப்பு ஒருவரைக் காப்பாற்றியது. நியாயம் என்பது ஒருவரை மட்டும் காப்பாற்றுவது ஆகாது.

குறை உண்டா?

உண்டு. மறைக்க வேண்டியது இல்லை.

அந்த நாடகங்களில் சில இடங்களில், ரிக்கி தன் மனைவியைக் குழந்தை போல மடியில் போட்டு அடிப்பான். அன்று ஜனங்கள் சிரித்தார்கள். இன்று பார்த்தால் மனம் கசக்கிறது. அது தப்பு. அந்தக் காலத்தில் சிரித்தார்கள் என்பதனால் அது சரி ஆகிவிடாது. பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"பெண்களை அசடாகக் காட்டிவிட்டாரே" என்றும் சிலர் சொல்வார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லூசி எதற்காக அசட்டுத்தனம் செய்கிறாள்? மேடை ஏற வேண்டும், நாலு காசு சம்பாதிக்க வேண்டும், தனக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக. கதவைத் திறந்து விட்டிருந்தால் அவள் ஏன் ஜன்னல் வழியாகக் குதிக்கப் போகிறாள்? ஒவ்வொரு வாரமும் அவள் தோற்றாள். ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் புறப்பட்டாள். வீட்டில் உட்கார்ந்து பார்த்த பெண்களுக்கு அந்தப் பிடிவாதம் புரிந்திருக்கும்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. நாடகத்தில் ரிக்கியும் லூசியும் எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசியில் கட்டி அணைத்துக்கொள்வார்கள். வீட்டில் அப்படி இல்லை. தேசி கெட்டிக்காரர். ஆனால் குடி உண்டு. வேறு பெண்களின் சகவாசமும் உண்டு. 1957-ம் ஆண்டில், 180 நாடகங்களோடு, முதல் இடத்தில் இருக்கும்போதே "ஐ லவ் லூசி"யை நிறுத்தினார்கள். பிறகு ஒரு மணி நேர நாடகங்கள் 13 வந்தன. 1960-ம் ஆண்டு மார்ச்சு 2-ந்தேதி கடைசிப் படப்பிடிப்பு. மறுநாளே லூசில் விவாகரத்துக்கு மனுப் போட்டார்.

குடும்பம் பிரியக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய நாடகம் அது. நாடகம் ஜெயித்தது. குடும்பம் பிரிந்தது. சிரிக்க வைக்கிறவர்களின் வீட்டில் எப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது நம் அறியாமை.

முதலாளி நாற்காலியில்

அதற்குள் அவர்களுடைய "தேசிலு" கம்பெனி பெரிதாக வளர்ந்திருந்தது. தேசியின் பெயரோடு, லூசில் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து வைத்த பெயர். 1957-ம் ஆண்டில் அவர்கள் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோக்களை விலைக்கு வாங்கினார்கள். அது எந்த ஸ்டூடியோ தெரியுமா? முன்பு லூசில் சிறு வேஷங்களில் சம்பளத்துக்கு நடித்த அதே ஸ்டூடியோதான்!

1962-ம் ஆண்டில் கணவரின் பங்கைச் சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்து லூசில் வாங்கினார். கம்பெனியின் தலைவர் ஆனார். அமெரிக்காவில் அவ்வளவு பெரிய டெலிவிஷன் படக் கம்பெனிக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர்தான்.

பகலில் நிர்வாகம். ஒத்திகை நேரத்தில் கோமாளி வேஷம். அந்த ஆண்டே "தி லூசி ஷோ" என்ற புதிய நாடகத்தைத் தொடங்கினார். ஒரு விதவையும், விவாகரத்து ஆன ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் கதை. இரண்டாவது பெண்ணாக நடித்தவர் அதே விவியன் வான்ஸ். கணவர் இல்லாத வீட்டிலும் சிரிப்பு உண்டு என்று அது காட்டியது. 1968 வரை அது நடந்தது. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கு "எம்மி" பரிசு கிடைத்தது. முன்பு கிடைத்தவற்றோடு சேர்த்து நான்கு.

விண்வெளிக் கதையான "ஸ்டார் டிரெக்", உளவாளிக் கதையான "மிஷன் இம்பாசிபிள்" இரண்டும் 1966-ம் ஆண்டில் அவருடைய கம்பெனியில் இருந்து வந்தவை. "செலவு தாங்காது, வேண்டாம்" என்று கம்பெனி நிர்வாகிகள் தடுத்தார்கள். லூசில் துணிந்து அனுமதித்தார். 1967-ம் ஆண்டில் கம்பெனியை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார். அந்த இரண்டு கதைகளும் பின்னால் உலகம் முழுவதும் ஓடிப் பெரும் பணம் குவித்தன.

திரையில் லூசிக்குக் கணக்கு வழக்கே தெரியாது. கையில் காசு கொடுத்தால் தொலைத்துவிடுவாள். அந்த வேஷத்தைப் போட்டவரின் கணக்கு இப்படி இருந்தது!

கடைசித் தோல்வி

1968 முதல் 1974 வரை "ஹியர்ஸ் லூசி" என்ற நாடகத்தில் தன் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நடித்தார். நடுவில், 1972-ம் ஆண்டில், கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட காலோடு நடித்தார். கதையிலும் லூசிக்குக் கால் முறிந்ததாக எழுதிவிட்டார்கள்!

1986-ம் ஆண்டில், 75 வயதில், "லைப் வித் லூசி" என்ற நாடகத்தோடு மறுபடியும் வந்தார். இரும்புச் சாமான் கடை நடத்தும் பாட்டி வேஷம். பழைய மாதிரியே விழுந்து எழுந்து நடித்தார். ஜனங்கள் சிரிக்கவில்லை. கிழவிக்கு அடிபட்டுவிடுமோ என்று பயந்தார்கள். 13 நாடகங்கள் எடுத்தார்கள். 8 மட்டுமே வந்தன. கம்பெனி நிறுத்திவிட்டது. லூசில் மனம் உடைந்து போனார்.

இதில் யார் மேல் தப்பு? வயதுக்கு ஏற்ற புது வேஷத்தை அவர் தேடியிருக்க வேண்டும். முந்தின ஆண்டில்தான் ஒரு டெலிவிஷன் படத்தில் வீடு வாசல் இல்லாத கிழவியாக நடித்திருந்தார். புது வழியில் போகத் தெரியாதவர் அல்ல. ஆனால் ஜனங்கள் மேலும் தப்பு உண்டு. "பழைய லூசி வேண்டும்" என்கிறோம். அவர் பழைய லூசியாக வந்தால் "கிழவி ஆகிவிட்டாள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இளமையில் சிரிக்க வைத்தவரை முதுமையில் தெருவில் விடுவது எந்த நாட்டிலும் நடக்கிறது.

அந்த ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி தேசி இறந்தார். ஐந்து நாள் கழித்து, தலைநகர் வாஷிங்டனில் லூசிலுக்கு ஒரு பெரிய கௌரவ விழா. தேசி இறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்த வாழ்த்து அங்கே வாசிக்கப்பட்டது. பிரிந்து 26 ஆண்டு ஆகியும் மதிப்பு போகவில்லை.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி லூசில் தமது 77-வது வயதில் காலமானார். அதே ஆண்டில், அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம், அவர் மறைவுக்குப் பிறகு அவருக்கு வழங்கப்பட்டது. பிறந்த ஊரான ஜேம்ஸ்டவுனில் அவருக்கும் தேசிக்கும் காட்சி சாலை இருக்கிறது.

போனது எது?

இப்போது அந்தப் பழமொழிக்கு வருவோம். பெண் சிரித்தால் "போச்சு" என்கிறார்களே, லூசில் பால் சிரிக்க வைத்ததால் என்ன போயிற்று?

பேரும் புகழும் வந்தது. கம்பெனி வந்தது. நாட்டின் பதக்கம் வந்தது. போனது ஒன்றுதான். கர்ப்பிணியை மறைத்து வைக்க வேண்டும், அயல்நாட்டுக் கணவரை ஒளித்து வைக்க வேண்டும், பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது என்ற பழைய எண்ணங்களின் பலம் கொஞ்சம் போயிற்று. அவை போனதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பெற்றோர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பெண் குழந்தை இருக்கலாம். பாட்டியைப் போல நடந்து காட்டுவாள். வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். "அடக்கமாக இரு" என்று அவளை அதட்டாதீர்கள். பிறர் மனம் நோகாமல் சிரிக்க வைக்கச் சொல்லிக் கொடுங்கள். படிப்பையும் கணக்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். கூலி எது, மரம் எது என்று தெரிந்துகொள்ளக் கணக்கு வேண்டும்.

பிறகு அவளைத் தைரியமாக நடிக்க விடுங்கள். விழுந்தால் விழட்டும். எழுந்துகொள்ள அவளுக்குத் தெரியும்.